ஒளியிழை வலையில் வழி தேடும்போது எடையாக எதைப் போடுவது?

முதுநிலைப் பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டது இது: “ஒளியிழை வலையமைப்பில் வழியையும் அலைநீளத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் புராஜெக்ட் செய்கிறேன். கட்டுரைகளைப் புரட்டினால் நிறப்பிரிகை, பிஎம்டி, கிராஸ்டாக், நான்கலைக் கலப்பு என்று பத்துப் பன்னிரண்டு சிக்னல் பழுதுகளை அடுக்குகிறார்கள். இத்தனையையும் வழித்தேர்வில் எப்படிச் சேர்ப்பது? எடை குறைந்த பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்துக்கு எடையாக எதைக் கொடுப்பது? கிலோமீட்டரை மட்டும் கொடுத்தால் போதாதா?”

கிலோமீட்டர் போதாது. ஆனால் பன்னிரண்டு பழுதுகளும் தேவையில்லை. இன்றைய கோஹரன்ட் டிரான்ஸ்பாண்டர்கள் (ஒளியின் பவரோடு ஃபேஸையும் படிக்கும் அனுப்பி-வாங்கிக் கருவிகள்) மட்டுமே ஓடும் வலை என்றால் ஒவ்வொரு லிங்க்குக்கும், அதாவது இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே உள்ள ஃபைபர் துண்டுக்கும், ஜிஎஸ்என்ஆர் என்ற சிக்னல்-இரைச்சல் விகிதம் ஒன்றே பெரும்பாலான வேலையை முடித்துவிடும். அந்த எண்ணைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பதுதான் கஷ்டம். நீங்கள் படித்த கட்டுரைகளில் பல அந்த எண் வருவதற்கு முந்தைய காலத்தவை. அதனால் கட்டுரையைப் படிக்கும் முன் ஆண்டைப் பாருங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து வருகிறேன். ஐபி வலையில் ஒவ்வொரு ரவுட்டரும் பாக்கெட்டை வாங்கி, படித்து, புதிதாக அனுப்புகிறது. வழியில் பட்ட அடி அங்கேயே துடைக்கப்பட்டுவிடும். ஒளிப்பாதையில் அப்படி இல்லை. ஒரு முனையில் ஏறிய ஒளி நடுவில் எங்கும் மின்சாரமாக மாறாமல் மறுமுனை வரை போகிறது. நடுவில் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு, ரோடம் எனப்படும் ஒளி சந்திப்புகள் உண்டு, ஆனால் அவை எதுவும் பிட்டைப் படிப்பதில்லை. பட்ட அடி எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் ரிசீவருக்குப் படிக்க முடிந்தால் அது பாதை. முடியாவிட்டால் வரைபடத்தில் கோடு இருந்தும் பயனில்லை.

இதோடு அலைநீளத் தொடர்ச்சி என்ற நிபந்தனை வேறு. எழும்பூரிலிருந்து நாகர்கோவில் வரை ஒரே பெர்த்தில் போக வேண்டுமானால், அந்த பெர்த் விழுப்புரம், திருச்சி, மதுரை என எல்லாத் துண்டிலும் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? அதேபோல ஒளிப்பாதை போகும் எல்லா லிங்க்கிலும் அதே அலைநீளம் காலியாக இருக்க வேண்டும். வழியையும் அலைநீளத்தையும் சேர்த்துத் தீர்ப்பது என்பி-முழுமைக் கணக்கு (வலை பெரிதானால் சரியான விடையை வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை எதுவும் தெரியாத வகை) என்று 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். வரைபடத்துக்கு நிறம் பூசும் கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் நடைமுறையில் வழியை முதலில் தேர்ந்தெடுத்து, அப்புறம் முதலில் கிடைக்கும் காலி அலைநீளத்தைக் கொடுப்பார்கள். இந்த எளிய முறை வியக்கத்தக்க அளவுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

சரி, பழுதுகளுக்கு வருவோம். 10 கிகாபிட் காலத்தில் ஒளியை ஏற்றி அணைத்துத்தான் பிட் அனுப்பினார்கள். ஜி.652 என்ற சாதாரண ஃபைபரில் 1550 நானோமீட்டர் பக்கம் நிறப்பிரிகை, அதாவது வேறு வேறு அலைநீளங்கள் வேறு வேறு வேகத்தில் போய்ப் பிட் பரவுவது, ஒரு நானோமீட்டர் அகலத்துக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 பிகோவினாடி. 10 கிகாபிட் ரிசீவர் மொத்தமாகத் தாங்கியது நானோமீட்டருக்குச் சுமார் 1,000 பிகோவினாடி. வகுத்துப் பார்த்தால் 60 கிலோமீட்டரிலேயே கதை முடிகிறது. 40 கிகாபிட்டுக்குப் போனால் பிட்டின் நேரம் நான்கில் ஒன்றாகச் சுருங்கும், நிறமாலையும் நான்கு மடங்கு விரியும். இரண்டும் சேர்ந்து தாங்கும் அளவை 16 மடங்கு குறைத்துவிடும். அதனால் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயர் நிலையத்திலும் எதிர்ப் பிரிகை கொண்ட ஈடுசெய் ஃபைபர் சுருளை வைத்தார்கள். பிஎம்டி, அதாவது இரண்டு போலரைசேஷன்களும் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்வது, தனித் தலைவலி. 10 கிகாபிட்டுக்குச் சராசரியாக 10 பிகோவினாடிதான் எல்லை.

வழித்தேர்வு செய்பவருக்கு இதில் என்ன சிக்கல் என்றால், ஒவ்வொரு பழுதும் ஒவ்வொரு விதமாகக் கூடும். நிறப்பிரிகையை அப்படியே கூட்டலாம். பிஎம்டிக்கு வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். இரைச்சலுக்குச் சிக்னல்-இரைச்சல் விகிதத்தின் தலைகீழைக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எல்லை. இப்படிப் பல எல்லைகளை ஒரே சமயத்தில் மதிக்கும் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பது அதுவே என்பி-கடினம். 2005 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 4054 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதைத்தான் பேசுகிறது. பிஎம்டியையும் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலையும் லிங்க் வாரியாகக் கூட்டக்கூடிய நிபந்தனைகளாக எழுதலாம், மற்றதை முன்கூட்டியே மார்ஜினில், அதாவது பாதுகாப்புக்காக விடும் இடைவெளியில், ஒதுக்கலாம் என்பது அதன் போக்கு. 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6566 பாதைகளை அமைக்கும் கட்டுப்பாட்டுத் தளத்தின் பக்கத்திலிருந்து இதையே விரிவாகப் பார்க்கிறது. நீங்கள் பார்த்த பன்னிரண்டு பழுதுப் பட்டியல் அந்தக் காலத்துச் சொத்து.

2008-இல் நார்டெல் 40 கிகாபிட் கோஹரன்ட் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகளில் 100 கிகாபிட்டும் வந்தது. இந்த ரிசீவர் ஒளியின் பவரை மட்டுமல்லாமல் அதன் கட்டத்தையும் (ஃபேஸ்) போலரைசேஷனையும் சேர்த்தே அளக்கிறது. அளந்துவிட்டால், ஃபைபர் செய்த நிறப்பிரிகையை டிஎஸ்பி எனப்படும் சிக்னல் கணக்குச் சிப் கணக்குப் போட்டே திருப்பிவிடும். 2,000 கிலோமீட்டருக்குச் சேர்ந்த, நானோமீட்டருக்கு 34,000 பிகோவினாடிப் பிரிகை இன்றைய சிப்புக்குப் பெரிய விஷயமே இல்லை. பிஎம்டியும் அப்படியே. இதில் ஒரு வேடிக்கை: பிரிகை இருப்பதே இப்போது நல்லதாகிவிட்டது. பிரிகை அதிகமானால் பக்கத்துச் சானல்களின், அதாவது பக்கத்து அலைநீளங்களின், பிட்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடாமல் விலகும், நான்லீனியர் தொல்லை (பவர் கூடினால் ஃபைபரே சிக்னலைக் குலைப்பது) குறையும். ஒரு காலத்தில் பெரும் முன்னேற்றம் என்று ஜப்பானிலும் இத்தாலியிலும் நிறையப் புதைத்த ஜி.653 ஃபைபரில் 1550-இல் பிரிகை பூஜ்யம். இன்று அதில் பல சானல்களை ஓட்டுவதுதான் சிரமம்.

ஆக மிஞ்சியது இரண்டு. ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் ஒன்று, ஃபைபரின் நான்லீனியர் இரைச்சல் இன்னொன்று.

ஆம்ப்ளிஃபயர் இரைச்சலுக்கு எல்லாப் பொறியாளருக்கும் மனப்பாடமான ஒரு கணக்கு உண்டு. 58-இல் தொடங்குங்கள். சானலுக்கு அனுப்பும் பவரை டிபிஎம்மில் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) கூட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரின் நாய்ஸ் ஃபிகரை (அது சேர்க்கும் இரைச்சலின் அளவு) கழியுங்கள், ஒரு ஸ்பானின், அதாவது இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே உள்ள ஃபைபரின், இழப்பைக் கழியுங்கள், கடைசியாக ஸ்பான் எண்ணிக்கையின் லாக்கைப் பத்தால் பெருக்கிக் கழியுங்கள். கிடைப்பது 0.1 நானோமீட்டர் அகலத்தில் ஓஎஸ்என்ஆர், அதாவது ஒளிச் சிக்னல்-இரைச்சல் விகிதம். இதில் கவனிக்க வேண்டியது, ஸ்பான் இழப்பு டெசிபெல்லுக்கு டெசிபெல் அப்படியே கழிகிறது, எண்ணிக்கையோ லாக்குக்குள் அடங்கிக் கழிகிறது. கிலோமீட்டர் ஏன் போதாது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். இரண்டு நகரங்களுக்கு நடுவே இரண்டு வழிகள். முதல் வழி 800 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர் ஸ்பான்கள் 8. இரண்டாவது 960 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் ஸ்பான்கள் 12. இணைப்புகளையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.22 டெசிபெல் இழப்பு, நாய்ஸ் ஃபிகர் 5, பவர் 0 டிபிஎம், நடுவில் ரோடம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் வழியில் ஸ்பான் இழப்பு 22. 58-இலிருந்து 5-உம் 22-உம் போக 31. எட்டு ஸ்பானுக்கு 9 கழித்தால் 22.0 டெசிபெல். இரண்டாவதில் ஸ்பான் இழப்பு 17.6, மிச்சம் 35.4, பன்னிரண்டு ஸ்பானுக்கு 10.8 கழித்தால் 24.6. நூற்றறுபது கிலோமீட்டர் கூடுதல், நான்கு ஆம்ப்ளிஃபயர் கூடுதல், ஆனாலும் இரண்டரை டெசிபெல்லுக்கு மேல் சுத்தமான சிக்னல்.

ஒரே ஒரு நீண்ட ஸ்பான் என்ன செய்யும் என்பது இன்னும் சுவாரசியம். மலையையோ நீர்ப்பரப்பையோ கடக்க வேண்டி, நடுவில் ஆம்ப்ளிஃபயர் குடிசை வைக்க இடமில்லாமல் 140 கிலோமீட்டர் ஒரே ஸ்பானாகப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். இழப்பு 30.8 டெசிபெல். 80 கிலோமீட்டர் ஸ்பானைவிட 13.2 டெசிபெல் மோசம். அதே பவரில் அது சேர்க்கும் இரைச்சல் 21 சாதாரண ஸ்பான்களுக்குச் சமம், அதாவது 1,680 கிலோமீட்டர் சுற்றிப் போவதற்குச் சமம். அந்த ஸ்பானுக்கு மட்டும் பவரை உகந்த அளவுக்கு ஏற்றினாலும் ஏழெட்டு ஸ்பான்களுக்குக் குறையாது. இப்படிப்பட்ட இடங்களில்தான் அந்த ஃபைபரையே பெருக்கியாக்கும் ராமன் ஆம்ப்ளிஃபயர் போடுவார்கள். கிலோமீட்டரை எடையாகக் கொடுத்த அல்காரிதம் இந்த ஸ்பானை நோக்கி ஆசையாக ஓடும்.

பவரை ஏற்றினால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். அங்கேதான் இரண்டாவது இரைச்சல் வருகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒளியின் செறிவோடு சற்றே மாறும், கெர் விளைவு என்பார்கள். அதனால் சானல்கள் தங்களையும் பக்கத்துச் சானலையும் குலைக்கும். டொரினோ பாலிடெக்னிக்கில் போஜோலினி குழு 2011 வாக்கில் முன்வைத்த ஜிஎன் மாடல் இதைப் பெரிய அளவில் எளிதாக்கியது. பிரிகையை ஈடுசெய்யாத கோஹரன்ட் வழியில் இந்தக் குலைவைச் சாதாரண காஸியன் இரைச்சலாகவே கருதலாம், அதன் அளவு பவரின் மூன்றாம் படியாக வளரும் என்றது. அப்படியானால் உகந்த பவரைக் கண்டுபிடிப்பது பள்ளிக்கூட வகைநுண்கணிதம்: ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் நான்லீனியர் இரைச்சலைப் போல இரண்டு மடங்கு இருக்கும் இடம்தான் உச்சி. அங்கே மொத்த இரைச்சல் ஆம்ப்ளிஃபயர் இரைச்சலைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 1.76 டெசிபெல் நஷ்டம். உச்சி தட்டையானது என்பதையும் நினைவில் வையுங்கள். ஒரு டெசிபெல் கூடக் கொடுத்தால் கால் டெசிபெல்தான் போகும். ஆனால் மூன்று டெசிபெல் கூடினால் 2.2 போய்விடும், மூன்று குறைந்தால் 1.5 போகும். கூடுவதைவிடக் குறைவது பாதுகாப்பு.

இப்போது நம் இரண்டு வழிகளுக்குத் திரும்புவோம். 80 கிலோமீட்டர் ஸ்பானுக்கு 0 டிபிஎம்மே உகந்த பவர் என்று கொண்டால், 100 கிலோமீட்டர் ஸ்பானுக்கு உகந்தது ஒன்றரை டெசிபெல் அதிகம். அதையும் தாராளமாகக் கொடுத்து, இரண்டிலும் 1.76 கழித்தால், குறுகிய வழிக்கு 21.7, நீண்ட வழிக்கு 22.8. டிரான்ஸ்பாண்டருக்கு 16 குவாம் முறையில் (ஒரு குறிக்கு நான்கு பிட்) 200 கிகாபிட் ஓட்ட 19 டெசிபெல் வேண்டும், மூன்று டெசிபெல் மார்ஜின் இல்லாமல் ஏற்க மாட்டோம் என்று வைத்தால் எல்லை 22. நீண்ட வழி தேறிவிட்டது, குறுகிய வழி தேறவில்லை. குறுகிய வழியில் கியூபிஎஸ்கேக்கு (ஒரு குறிக்கு இரண்டு பிட்) இறங்கி 100 கிகாபிட்தான். அதே டிரான்ஸ்பாண்டர், அதே அலைநீள இடம், பாதிக் கொள்ளளவு.

ஆம்ப்ளிஃபயர் இரைச்சலையும் நான்லீனியர் இரைச்சலையும் சேர்த்துக் கணக்கிட்ட விகிதத்துக்குப் பெயர் ஜிஎஸ்என்ஆர். இதன் தலைகீழைச் சாதாரண எண்ணாக, டெசிபெல்லில் அல்ல, எடுத்தால் ஸ்பானுக்கு ஸ்பான் கூட்டிக்கொண்டே போகலாம். லிங்க்குக்கு லிங்க்கும் கூட்டலாம். அப்படியென்றால் டைக்ஸ்ட்ராவுக்கு வேறு என்ன வேண்டும்? உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: எடை, லிங்க்கின் ஜிஎஸ்என்ஆரின் தலைகீழ். ரோடமில் உள்ள ஆம்ப்ளிஃபயர்களின் இரைச்சலையும் அதே அலகில் லிங்க்கோடு சேர்த்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம் மட்டும். நான்லீனியர் இரைச்சல் பக்கத்தில் எத்தனை சானல் எரிகிறது என்பதைப் பொறுத்தது. புதிதாக ஒரு பாதை ஏற்றினால், ஏற்கெனவே ஓடும் பாதைகளுக்கும் அடி விழும். பழைய கட்டுரைகளில் புதுப் பாதையை ஏற்றும் முன் ஓடும் பாதைகளை எல்லாம் மறுபடி சோதிக்கும் படி ஒன்று இருப்பது இதனால்தான். நடைமுறையில் பலரும் எடுக்கும் முடிவு, எல்லாச் சானலும் முதல் நாளிலிருந்தே எரிவதாகக் கருதிக் கணக்கிடுவது. காலியான வலையில் இது அளவுக்கு மீறிய எச்சரிக்கைதான். ஆனால் லிங்க்கின் எடை மாறாமல் நிற்கும், ஓடும் பாதை எதுவும் நாளை அறுந்துபோகாது. நானும் இதையே பரிந்துரைப்பேன். மிச்சமாகும் சில பத்தில் ஒரு பங்கு டெசிபெல்லுக்காக ஒவ்வொரு முறையும் முழு வலையையும் மறுகணக்கு போடுவது மாணவர் புராஜெக்ட்டில் நன்றாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு வலையைப் பார்த்துக்கொள்பவருக்கு நன்றாக இருக்காது.

இந்த ஒற்றை எண்ணுக்குள் அடங்காத சில உண்டு. முக்கியமானது ரோடம் வடிகட்டல். ஒவ்வொரு ரோடமிலும் சானல் இரண்டு அலைநீள ஸ்விட்சுகள் வழியாகப் போகும், ஒவ்வொன்றும் ஓரத்தைக் கொஞ்சம் சீவும். 50 கிகாஹெர்ட்ஸ் இடத்தில் 32 கிகாபாட் (வினாடிக்கு 3,200 கோடி குறிகள்) சிக்னல் என்றால் சில ரோடம்கள் வரை கவலையில்லை, பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் உறைக்கத் தொடங்கும். இது இரைச்சல்போல ஒழுங்காகக் கூடிக்கொண்டு போவதில்லை, ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, அப்புறம் திடீரென்று சரியும். இதற்கு ரோடம் எண்ணிக்கையில் தனி உச்சவரம்பு வைப்பதே எளிது. இன்னொன்று, எல்லா அலைநீளத்துக்கும் ஒரே ஜிஎஸ்என்ஆர் கிடைக்காது. ராமன் சிதறலால் குறுகிய அலைநீளத்தின் பவர் நீண்ட அலைநீளத்துக்குக் கசியும். வழக்கமான சி பட்டையோடு, அதைவிட நீண்ட அலைநீளங்கள் உள்ள எல் பட்டையும் சேர்த்து ஓட்டினால் இது பெரிதாகத் தெரியும். அப்போது முதலில் கிடைக்கும் அலைநீளம் என்ற விதியைக் கொஞ்சம் திருத்தி, நீண்ட பாதைக்கு நல்ல அலைநீளங்களை ஒதுக்கி வைக்கலாம். பழைய 10 கிகாபிட் சானல்கள் அதே ஃபைபரில் இன்னும் ஓடினால் கோஹரன்ட் சானலை அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். கிராஸ்டாக்கை (பக்கத்துச் சிக்னல் கசிந்து கலப்பதை) சிறு மார்ஜினாக ஒதுக்கினால் போதும்.

எந்த வழியும் தேறாவிட்டால் ரீஜெனரேட்டர். இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை முதுகோடு முதுகாக வைத்து, ஒளியை மின்சாரமாக்கி, பிட்டைப் படித்து, புதிதாக அனுப்புவது. சேர்ந்த இரைச்சல் எல்லாம் அங்கே பூஜ்யமாகும். கூடவே அலைநீளத்தையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம், பெர்த் மாறி உட்காருவதுபோல. ஆனால் விலை அதிகம், அதனால் எல்லா நோடிலும் (சந்திப்பிலும்) வைக்க முடியாது. இதற்கும் டைக்ஸ்ட்ராவே போதும்: மூலம், இலக்கு, ரீஜெனரேட்டர் உள்ள நோடுகள் ஆகியவற்றை மட்டும் வைத்து இரண்டாவது வரைபடம் ஒன்று வரையுங்கள். இரண்டு நோடுகளுக்கு நடுவே மார்ஜினோடு தேறும் வழி இருந்தால் மட்டும் அங்கே ஒரு கோடு. அந்த வரைபடத்தில் கோடுகளின் எண்ணிக்கை குறைந்த பாதைதான் ரீஜெனரேட்டர் குறைந்த பாதை.

அல்காரிதம் இவ்வளவுதான். அதில் போடும் எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு இன்னும் அக்கறை. ஸ்பான் இழப்பு தெரியும், ஒரு பக்க ஆம்ப்ளிஃபயர் அனுப்பியதிலிருந்து மறுபக்கம் வாங்கியதைக் கழித்தால் ஆயிற்று. ஆனால் அந்த இழப்பு எங்கே நடந்தது? 80 கிலோமீட்டர் ஸ்பானில் ஒரு டெசிபெல் கூடுதல் இழப்பு தெரிகிறது. அது தொடக்கத்தில் உள்ள கனெக்டரில் படிந்த அழுக்காக இருந்தால், ஃபைபருக்குள் நுழையும் பவரே ஒரு டெசிபெல் குறைவு, நான்லீனியர் இரைச்சலும் குறைவு. கடைசிக் கனெக்டரில் இருந்தால் ஃபைபர் முழு பவரை வாங்கி, முழு நான்லீனியர் அடியையும் வாங்கிவிட்டது. மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். டெலிகாம் இன்ஃப்ரா புராஜெக்ட் வெளியிட்ட ஜிஎன்பை என்ற இலவசப் பைத்தான் கருவியில் தொடக்கக் கனெக்டர் இழப்புக்கும் கடைசிக் கனெக்டர் இழப்புக்கும் தனித்தனி இடம் இருப்பது இதற்காகத்தான். இதற்கு மேல் ஒவ்வொரு முறை ஃபைபர் வெட்டுப்பட்டு ஒட்டப்படும்போதும் கொஞ்சம் இழப்பு கூடும், ஆம்ப்ளிஃபயரும் வயதாகும். ஆபரேட்டர்கள் மார்ஜின் கேட்பது பயந்த சுபாவத்தால் என்று நினைக்காதீர்கள். ரிசீவர்களே பிழைதிருத்தத்துக்கு முந்தைய பிட் பிழை விகிதத்தைச் சொல்வதால், ஓடும் பாதைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு இந்த எண்களைச் செம்மைப்படுத்தலாம். மெஷின் லேர்னிங் கட்டுரைகளில் உருப்படியானவை பெரும்பாலும் இந்த வேலையைச் செய்கின்றன.

புராஜெக்ட்டுக்கு: ஜிஎன்பையை எடுத்து, 14 நோடு, 21 லிங்க் கொண்ட, பழைய அமெரிக்க ஆராய்ச்சி வலையான என்எஸ்எஃப்நெட் வரைபடத்தில் தொடங்குங்கள், எல்லாரும் ஒப்பிடுவது அதில்தான். எல்லா ஸ்பானையும் 80 கிலோமீட்டர் என்று சமமாக வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் ஜிஎஸ்என்ஆரும் கிலோமீட்டரும் ஒரே விடையைத்தான் தரும், நீங்கள் காட்ட வந்தது எதுவும் தெரியாது. ஸ்பான்களை 50-க்கும் 120-க்கும் நடுவே கலைத்துப் போடுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் குறுகிய வழிகளை வரிசையாகத் தரும் யென் அல்காரிதத்தில் மூன்று நான்கு வழிகளை எடுத்து, கிலோமீட்டர் எடையோடு ஒரு முறையும் ஜிஎஸ்என்ஆர் எடையோடு ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு நிமிடம் பாதை வந்து போவதாக வைத்துத் தடுப்பு நிகழ்தகவு, அதாவது கோரிக்கை மறுக்கப்படும் வாய்ப்பு, வரைவது ஒரு பழைய பழக்கம். முதுகெலும்பு வலையில் ஒரு பாதை ஏறினால் ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதனால் பாதைகளை ஏற்றிக்கொண்டே போய், முதல் கோரிக்கை மறுக்கப்படும்போது வலை மொத்தம் எத்தனை டெராபிட் சுமக்கிறது, எத்தனை ரீஜெனரேட்டர் செலவானது என்று பாருங்கள். அப்புறம் ஒரு லிங்க்கை வெட்டிவிட்டு, மாற்று வழியில் அதே டிரான்ஸ்பாண்டர்களில் எத்தனை 200-இலிருந்து 100-க்கு இறங்க வேண்டியிருக்கிறது என்றும் எண்ணுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.